ஏரி இருந்தால்தான் படகு

நாளைய பயணம் – 9

சென்னையிலிருந்து கடலோரமாகத் தெற்கே போனால் என்னென்ன வரும் என்று யாரைக் கேட்டாலும் மளமளவென்று சொல்வார்கள்: தட்சிணசித்ரா, முட்டுக்காடு, முதலைப் பண்ணை, மாமல்லபுரம். வடக்கே போனால்? மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர், வடசென்னை அனல் மின் நிலையம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம், சற்று உள்ளே தள்ளி கும்மிடிப்பூண்டி சிப்காட். இரண்டு பக்கமும் ஒரே வங்கக் கடல், ஒரே மணல், ஒரே பக்கிங்ஹாம் கால்வாய். முட்டுக்காட்டில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை வந்ததும் மாமல்லபுரம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதும் 1984-ல். எண்ணூரில் 1970-ல் அனல் மின் நிலையம் வந்தது, 2001-ல் துறைமுகம் வந்தது. தெற்கு ஊர் சுற்றுவதற்கு, வடக்கு உழைப்பதற்கு என்று எந்த அரசாணையும் சொன்னதில்லை. ஆனாலும் ஐம்பது ஆண்டுகளாக எடுத்த ஒவ்வொரு முடிவும் அந்தக் கோட்டை இன்னும் கொஞ்சம் அழுத்திப் போட்டிருக்கிறது.

இந்த வாரம் திருவள்ளூர் மாவட்டத்துக்கு வந்திருப்பது அதனால்தான். ஏற்கெனவே பேர் பெற்ற ஊரில் இன்னும் பத்து விடுதிகள் கட்டுவதற்குப் பெரிய யோசனை தேவையில்லை. ஆலையும் துறைமுகமும் கன்டெய்னர் லாரியும் நிறைந்த ஒரு மாவட்டம், இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காட்டை மடியில் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறது என்பதில்தான் ஒரு நாட்டின் சுற்றுலாத் திட்டமிடல் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பது தெரியும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சுற்றுலாவைத் திட்டமிட வேண்டும் என்ற பேச்சு விடுதலைக்கு முன்பே, 1945-ல் சர் ஜான் சார்ஜென்ட் தலைமையிலான குழுவோடு தொடங்கிவிட்டது. 1982-லும் 2002-லும் தேசியச் சுற்றுலாக் கொள்கைகள் வந்தன. தமிழ்நாடு 2023 செப்டம்பரில் தனக்கென ஒரு சுற்றுலாக் கொள்கையை வெளியிட்டு, சுற்றுலாவுக்குத் தொழில் தகுதியும் கொடுத்தது. இத்தனைக்குப் பிறகும் மேடையில் நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வது எத்தனை பேர் வந்தார்கள் என்ற ஒரே எண்ணைத்தான். 2018-ல் தமிழ்நாட்டுக்கு உள்நாட்டுச் சுற்றுலா வருகை 38 கோடியே 59 லட்சம். அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம்.

அந்த எண்ணின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க சிறுவாபுரிக்குப் போக வேண்டும். அருணகிரிநாதர் பாடிய முருகன் தலம். பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே, ஜி.என்.டி. சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் சின்னம்பேடு. சொந்த வீடு வேண்டுமென்றால் தொடர்ந்து ஆறு செவ்வாய்க்கிழமை வந்து கும்பிட வேண்டும் என்பது நம்பிக்கை. செவ்வாய் என்றால் விடியற்காலையிலேயே கார்களும் வேன்களும் அந்தக் கிராமத்துச் சாலையில் வரிசைகட்டி நிற்கின்றன. வருகை என்று எண்ணினால் ஒரே மனிதர் ஆறு பேர். அவர் இங்கே ஓர் இரவுகூடத் தங்குவதில்லை. அர்ச்சனைத் தட்டு, ஒரு டீ, திரும்பும் வழியில் நெடுஞ்சாலை ஓட்டலில் சாப்பாடு. அவர்மீது எந்தக் குறையும் இல்லை. வாடகை வீட்டுக் கஷ்டம் தெரிந்தவர்களுக்கு அந்த ஆறு வாரத்தின் கனம் தெரியும். அவருக்காக நாம் செய்ய வேண்டியது என்ன? செவ்வாய்க்கிழமைகளில் பொன்னேரி ரயில் நிலையத்திலிருந்து போதுமான பேருந்து, பெண்கள் முகம் சுளிக்காமல் போகக்கூடிய கழிப்பறைகள், ஊருக்கு வெளியே வண்டி நிறுத்துமிடம். அவ்வளவுதான். பெரியபாளையம் அம்மன் கோயிலுக்கு ஆடி மாதத்தில் தேவைப்படுவதும் அதுதான். இதற்கு வெளிநாட்டு ஆலோசகர் தேவையில்லை, ஒரு நல்ல வட்டாட்சியர் போதும்.

பழவேற்காடு அப்படியல்ல. அங்கே திட்டம் இல்லாவிட்டாலும் ஆபத்து, தப்பான திட்டம் வந்தாலும் ஆபத்து.

பொன்னேரியிலிருந்து கிழக்கே போகும் சாலை தண்ணீரில் முடிகிற இடம் அது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு முனையும் கடலுக்குத் திறக்கும் முகத்துவாரமும் நம் பக்கம். ஆரணியாறு இங்கே வந்து கலக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு. ஆற்று நீர் மழைக்காலத்தில் உள்ளே வர, கடல் நீர் முகத்துவாரம் வழியே ஏறி இறங்க, இரண்டும் கலந்த அந்த உவர்ப்பில்தான் இறாலும் நண்டும் மடவையும் பெருகுகின்றன. பல இடங்களில் இடுப்பளவு ஆழம்தான். அதனால்தான் பூநாரைகள் வருகின்றன. நீண்ட காலை ஊன்றி நின்று, தலையைக் கவிழ்த்துச் சேற்றைச் சலித்துத் தின்ன அவற்றுக்கு இந்த ஆழம் வேண்டும். 1980-ல் தமிழ்நாட்டுப் பகுதி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

சுற்றுலா என்று வரும்போது இங்கே முதலில் பேச வேண்டியது ஒரு மரணக் கணக்கு. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். சுற்றிப் பார்க்க வந்த குடும்பங்களை ஏற்றிச் சென்ற மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உடலில் உயிர்காப்பு உடுப்பு இல்லை. அதன் பிறகு பயணிகளைப் படகில் ஏற்றுவதற்குத் தடை வந்தது. தடை வந்தால் ஆசை போய்விடுமா? கரையில் இறங்கியதும் "போட்டிங் போலாமா சார்?" என்று மெதுவாக யாராவது கேட்பதும், "போலீஸ் இருக்காங்களாண்ணா?" என்று வந்தவர் திருப்பிக் கேட்பதும் இன்றும் நடக்கிறது. ஒளித்து ஓட்டும் சவாரியில் உடுப்பு இருக்காது, ஆள் கணக்கு இருக்காது, ஏதாவது ஆனால் கரையில் இருப்பவர்களுக்குத் தகவல் தெரியாது.

2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டி, அளவுக்கு மேல் ஆளேற்றி ஓட்டியது. அங்கேயும் இறந்தவர்கள் 22 பேர். படகுச் சுற்றுலாவில் நம்மைவிட எவ்வளவோ அனுபவம் உள்ள மாநிலம் அது. அனுமதி கொடுக்கும் அதிகாரமும் கரையில் நின்று ஆட்களை எண்ணும் பொறுப்பும் வெவ்வேறு இடங்களில் இருந்தால் எந்த மாநிலத்திலும் இதுதான் நடக்கும். பழவேற்காட்டில் தடை போட்டது அந்தச் சமயத்துக்குச் சரி. பதினைந்து ஆண்டை நெருங்கும் நேரத்தில் தடையே திட்டமாகிவிட்டது என்பதுதான் வருத்தம்.

சரி, படகை யாரிடம் ஒப்படைப்பது? வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். ஒன்று, அரசுக் கழகம் கரையில் ஒரு படகுக் குழாம் கட்டி டிக்கெட் கிழிப்பது. இன்னொன்று, தனியாருக்கு ஏலம் விடுவது. இரண்டிலும் ஏரியை அறிந்தவர்கள் கூலிக்கு ஓட்டுநர்களாகத்தான் மிஞ்சுவார்கள். மூன்றாவது வழி ஒன்று அந்த ஊரிலேயே பல தலைமுறைகளாக இருக்கிறது.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் மீனவர்கள் பாடு முறையில் ஏரியைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்பது தலைக்கட்டுக் கணக்குப்படி, குலுக்கல் போட்டு, முறை வைத்து முடிவாகிறது. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல பாடு இன்று ஒருவருக்குக் கிடைத்தால், அடுத்த முறை அது இன்னொருவருக்குப் போகும். யாரும் எங்கும் எவ்வளவு வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்ற நிலை அங்கே கிடையாது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1991-ல் இந்த முறையைப் பற்றித் தனி ஆய்வே வெளியிட்டிருக்கிறது. சுற்றுலாத் திட்டக்காரர்கள் ஓர் இடம் எத்தனை பேரைத் தாங்கும் என்று கணக்கிடப் பெரும் பாடுபடுகிறார்கள். ஒரு நீர்ப்பரப்பு எத்தனை வலையைத் தாங்கும் என்று கணக்கிட்டு, அதைச் சண்டையில்லாமல் பங்கிடத் தெரிந்த மனிதர்கள் இங்கே ஏற்கெனவே இருக்கிறார்கள்.

பயணிகள் படகையும் அதே போல முறை வைத்து ஓட்டலாம் என்பது என் யோசனை. ஒரு நாளைக்கு இத்தனை படகு, ஒரு படகுக்கு இத்தனை ஆள், இன்ன குடும்பத்தின் முறை என்ற பட்டியல் கரையில் எழுதி ஒட்டப்பட வேண்டும். நீரோட்டம் பலமாக இருக்கும் முகத்துவாரத்துப் பக்கம் எந்தப் பயணிப் படகும் போகக் கூடாது. பூநாரைகள் இரை தேடும் இடங்களுக்கு இத்தனை தூரம் என்ற எல்லையை வனத்துறை கழி நட்டுக் காட்ட வேண்டும். ஆழமில்லாத பகுதியில் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கோல் ஊன்றிப் போகலாம். மீனவர்களுக்கு அது கைவந்த கலை. உயிர்காப்பு உடுப்பு இல்லாமல் ஏறினால் படகுக்காரருக்கு அடுத்த முறை கிடையாது. போலீஸ் அபராதத்தைவிட ஊர்க் கட்டுப்பாட்டுக்கு அங்கே மதிப்பு அதிகம்.

பாடு முறையில் ஒரு பெரிய குறையும் உண்டு, அதை மறைத்துவிட்டுப் பேசுவது நியாயமாகாது. அது பட்டினவர் சமூகத்துக்குள் நடக்கும் ஏற்பாடு. ஏரியை நம்பி வாழும் தலித் மீனவர்களுக்கும், தண்ணீரில் உட்கார்ந்தபடி கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் அதில் இடமில்லை. இது பல சச்சரவுகளுக்கும் காரணமாக இருந்திருக்கிறது. சுற்றுலாவுக்கென்று புதிதாக எழுதப்படும் பட்டியலில் அந்தப் பழைய வேலி வரக் கூடாது. சேறு, நண்டு வளை, பறவையின் காலடி என்று இந்த ஏரியை இருளர்களைப் போல அறிந்தவர்கள் யாருமில்லை. வழிகாட்டிகளின் வரிசையில் முதல் பெயர்கள் அவர்களுடையதாக இருக்க வேண்டும். அரசு பணம் போடுகிறது என்றால் அரசு விதிக்க வேண்டிய முதல் நிபந்தனை இதுதான்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்கள் ஒடிசாவின் சிலிகாவைப் பார்க்கலாம். நாட்டின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி அது. வண்டல் மண்டி முகத்துவாரம் அடைபட்டு, உவர்ப்பு குறைந்து, களை படர்ந்து, 1993-ல் ராம்சார் உடன்படிக்கையின் ஆபத்துப் பட்டியலில் சேர்ந்தது. 1991-லேயே தொடங்கப்பட்டிருந்த சிலிகா வளர்ச்சி ஆணையம் முதலில் விடுதி கட்டவில்லை. 2000 செப்டம்பரில் கடலுக்குப் புதிய வாயைத் திறந்தது. மீன் வளம் திரும்பியது, 2002-ல் ஆபத்துப் பட்டியலிலிருந்து சிலிகா நீக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் சாத்தபாடாவில் ஓங்கில் பார்க்கும் படகுகள் பெருகின. அதே ஏரியின் வடகரையில் மங்களாஜோடி என்று ஓர் ஊர். பறவை வேட்டைக்குப் பேர் போனது. வேட்டையாடிக்கொண்டிருந்தவர்களே சங்கம் அமைத்துக் காவலர்களாகி, இன்று கோல் ஊன்றும் சிறு படகில் பயணிகளை அழைத்துப் போய்ப் பறவைகளைக் காட்டுகிறார்கள். சிலிகாவிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. எஞ்சின் படகுகள் ஓங்கில்களைத் துரத்துகின்றன என்ற புகார் நெடுநாளாக இருக்கிறது. ஆனால் அவர்கள் வேலையைச் செய்த வரிசை சரி. முதலில் ஏரி, பிறகு படகு.

நம் பக்கத்திலும் முகத்துவாரம் அடிக்கடி மணல் மூடிப் போகிறது. தூர்வாருங்கள், நிரந்தர வழி செய்யுங்கள் என்று மீனவர்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு, இருபுறமும் கல் கொட்டித் தடுப்புச் சுவர் எழுப்பும் வேலைக்குச் சுமார் 27 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அது மீன்வளத் துறையின் கணக்கில் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை பழவேற்காட்டுக்காகச் செலவிட்ட மிகச் சிறந்த சுற்றுலா முதலீடும் அதுதான். சுற்றுலாத் துறையின் ஏட்டில் அது வராது என்பதுதான் நம் சிக்கல்.

இந்த நிலத்துக்கு ஒன்றல்ல, பல வரைபடங்கள். சுற்றுலாத் துறையின் படத்தில் பழவேற்காடு ஒரு பறவைச் சின்னம். வனத்துறையின் படத்தில் சரணாலயம். துறைமுகத்தின் படத்தில்? காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 2018-ல் அதானி குழுமம் வாங்கியது. 330 ஏக்கராக இருப்பதை 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. பழவேற்காட்டுக் கடலோர மீனவர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஏரியையும் கடலையும் பிரிக்கும் மணல் திட்டு ஏற்கெனவே மெலிந்து வருகிறது, இன்னும் அரிப்பு வந்தால் ஏரியே கடலோடு போய்விடும் என்பது அவர்கள் வாதம். 2021 ஜனவரியில் நடக்கவிருந்த பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டமும் தள்ளிப்போனது, 2023 செப்டம்பர் 5-க்கு வைத்த கூட்டமும் தள்ளிப்போனது. வேலைவாய்ப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் பலருக்குச் சோறு போடுவது சிப்காட்தான். ஆனால் ஓர் அறையில் சூழல் சுற்றுலா என்று திட்ட அறிக்கை எழுதிக்கொண்டே, பக்கத்து அறையில் அந்தச் சூழலையே இல்லாமல் ஆக்கக்கூடிய கோப்பு நகர்வதை எந்தப் பெயரில் அழைப்பது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததை எல்லோரும் பார்த்தோம். மீனவர்கள் வாளியில் எண்ணெயை அள்ளினார்கள். எண்ணூரும் பழவேற்காடும் தனித்தனி ஊர்களாக நமக்குத் தோன்றும். கொசஸ்தலையாற்றின் உப்பங்கழிகளும் பக்கிங்ஹாம் கால்வாயும் சேர்த்துப் பின்னிய ஒரே நீர்ப்பரப்பு அது. இங்கே விழுந்த சாம்பலும் எண்ணெயும் அங்கே போகாது என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது.

பழவேற்காட்டின் கரையிலும் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கடற்கரை வாணிபத்துக்கே இதைத் தலைமையிடமாக வைத்தார்கள். 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போகும் வரை அப்படித்தான். கோட்டை இன்று மேடும் புதருமாகக் கிடக்கிறது. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் காவலில் இருக்கிறது. வாசலின் இரு புறமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். இங்கேயிருந்து துணி போனது, வெடிமருந்து போனது. பதினேழாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டு படாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, போனார்கள். கல்லறையின் வேலைப்பாட்டைக் காட்டும் வழிகாட்டி இதையும் சொல்ல வேண்டும். பஞ்சத்தில் விற்கப்பட்ட நம் மனிதர்களுக்கு அந்தக் கரையில் ஒரு பலகையாவது வேண்டும். கரையை விட்டுத் தெருவுக்குள் போனால் முஸ்லிம் பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். வருகிறவர் ஒருவேளை இங்கே சாப்பிட்டு, ஒரு பெட்டி வாங்கி, கல்லறையையும் ஏரியையும் பார்த்துவிட்டுப் போனாலே ஊருக்குக் காசு நிற்கும். ஓய்வு விடுதி வேண்டியதில்லை. கரையில் கான்கிரீட் இறங்கினால் அதன் கழிவுநீரும் ஏரிக்குத்தான் போகும்.

மாவட்டத்தின் உட்பகுதியில் இன்னொரு பொக்கிஷம் இருக்கிறது. அதற்கு இங்கே சில வரிகள்தான் தர முடிகிறது. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கல்லாயுதங்களைக் கண்டெடுத்த அத்திரம்பாக்கம், பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில். சாந்தி பப்பு குழுவினர் 1999 முதல் நடத்திய அகழாய்வு அங்கே சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே மனித மூதாதையர் கைக்கோடரி செய்ததைக் காட்டியது. கீழடி அருங்காட்சியகம் 2023-ல் திறந்தபோது திரண்ட கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தமிழர்கள் தொல்லியலுக்காகப் பயணம் செய்யத் தயாராக இருக்கிறார்கள். ஆனால் அத்திரம்பாக்கத்துக்குப் பேருந்து பேருந்தாக ஆள் கொண்டுபோய் இறக்கக் கூடாது. ஆளுக்கொரு கல்லை ஞாபகத்துக்கு எடுத்துக்கொண்டு போனால் ஆய்வுக்கு எதுவும் மிஞ்சாது. பூண்டியில் இருக்கும் தொல்பழங்கால அருங்காட்சியகத்தைக் கீழடி அளவுக்கு உயர்த்தி, கூட்டத்தை அங்கேயே நிறைவாக வரவேற்று அனுப்புவதுதான் சரி.

யார் வருவார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். சுற்றுலாப் பயணி என்றதும் நம் அதிகாரிகளின் மனதில் தோளில் கேமரா தொங்கும் வெள்ளைக்காரர்தான் வருகிறார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் தேர்வாய்கண்டிகையிலும் வேலை செய்யும் பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட் இளைஞர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை போக ஓர் இடம் வேண்டும். அவர்களோடு வேலை செய்யும் நம் ஊர்ப் பெண்களுக்கும் வேண்டும். ஒடிசாக்காரர் ஒருவருக்குச் சிலிகாவைத் தெரிந்திருக்கலாம். பத்துப் பதினைந்து மைல் தூரத்தில் அதன் தங்கை இருப்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டுக் கரையில் கூடும் கூட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே நாளில் பாதுகாப்புக்காகக் கடலுக்குப் போக முடியாமல் கரையில் இருக்கும் மீனவருக்கு, வந்த கூட்டத்துக்கு மீன் குழம்புச் சாப்பாடு போட்டாவது கூலி கிடைக்க வேண்டாமா? இவர்களெல்லாம் உள்ளூர்ப் பேருந்தில் வருகிறவர்கள். இவர்களுக்கான திட்டத்துக்குச் செலவும் குறைவு.

எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாக மாமல்லபுரம் பக்கம் போகும் சுமார் 133 கிலோமீட்டர் எல்லைச் சாலை உருவாகி வருகிறது. கன்டெய்னர் லாரிகளை மனதில் வைத்துப் போடும் சாலை. ஆனால் தெற்கையும் வடக்கையும் நகரத்துக்குள் நுழையாமல் இணைக்கப் போவதும் அதுதான். மாமல்லபுரம் பார்த்தவர் அடுத்த நாள் பூண்டிக்கோ பழவேற்காட்டுக்கோ வரும் காலம் தூரத்தில் இல்லை. அப்போது இங்கே எதுவும் எழுதி வைக்கப்படாமல் இருந்தால், நிலத் தரகர்கள் எழுதுவதுதான் திட்டமாக இருக்கும்.

எழுதி வைப்பதற்கான ஏடு இப்போது திறந்திருக்கிறது. சென்னைப் பெருநகரின் எல்லை 2022-ல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும்பகுதி உள்ளே வந்துவிட்டது. பெருநகர வளர்ச்சிக் குழுமம் 2026 முதல் 2046 வரைக்கான மூன்றாவது முழுமைத் திட்டத்தைத் தயாரித்து வருகிறது. எங்கே ஆலை, எங்கே வீடு, எங்கே சாலை என்று சட்டப்படி முடிவாகும் ஆவணம் அது. முகத்துவாரமும் மணல் திட்டும் எண்ணூர் உப்பங்கழிகளும் தொடக் கூடாத நிலமாக அதில் வண்ணம் தீட்டப்பட வேண்டும். பாடு ஊர்களின் பஞ்சாயத்தாரையும் இருளர் குடியிருப்புகளின் பெண்களையும் பனையோலை முடைபவர்களையும் அழைத்து, பொன்னேரியிலேயே, தமிழிலேயே அவர்கள் கருத்தைக் கேட்டுவிட்டு அந்தப் படத்தை அச்சுக்கு அனுப்புங்கள். இதை விட்டால் அடுத்த ஏடு திறக்க இருபது ஆண்டுகள் ஆகும்.

(தொடரும்)